ராக்கெட்டுன்னா நெலாவுக்குப் போறது இல்லம்மா

அம்மாவுக்குக் காது மந்தமாகி ரெண்டு வருஷம் இருக்கும். மெஷின் வாங்கிக் குடுத்தோம். "காதுக்குள்ள ஈ பூந்த மாதிரி இருக்கு"ன்னு அதக் கழட்டி சாமி அலமாரில விபூதி டப்பா பக்கத்துல வச்சுட்டாங்க, முருகனுக்காவது கேக்கட்டும்னு நெனச்சாங்களோ என்னவோ. அதனால எங்க வீட்டு டிவி எப்பவும் ஃபுல் சத்தம்தான், சீரியல்ல மாமியார் கத்துனா லிஃப்ட் வரைக்கும் கேக்கும். எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா தங்கமானவங்க, ஒண்ணும் சொல்றது இல்ல. மேல்மாடிக்குப் புதுசா குடிவந்தவங்கதான் ரெண்டு தடவ வந்து கதவத் தட்டிட்டாங்க.

அப்பத்தான் எனக்கு இந்த ஐடியா வந்துச்சு. சத்தமே இல்லாத படத்தப் போட்டா என்ன?

எனக்கு ஊமைப்படப் பைத்தியம் உண்டுன்னு இங்க படிக்கிறவங்களுக்குத் தெரியும். வீட்டுக்காரர் அதுக்கு கறுப்பு வெள்ளை வியாதின்னே பேர் வச்சிருக்காரு. ஒரு சனிக்கிழமை அவருக்கு நைட் ஷிஃப்ட், பையன் ராணுவக் கேம்ப்ல இருக்கான், வெளிய சிங்கப்பூர்ல நாங்க இருக்குற ஈசூனே முழுகிப் போற மாதிரி மழை. நானும் அம்மாவும் மட்டும். ரொம்ப நாளா பாக்கணும்னு வச்சிருந்த 'தி ராக்கெட்' படத்த லேப்டாப்புலேர்ந்து டிவிக்கு மாத்தி விட்டேன். 1928ல வந்தது, அமெரிக்காவுல காப்புரிமை எல்லாம் 2024 ஜனவரி 1ஆம் தேதியோட முடிஞ்சிருச்சு, அதனால பயமில்லாம பாக்கலாம்.

"என்ன படம்டி?"

"ராக்கெட்டும்மா."

"நெலாவுக்குப் போறதா?"

இல்லம்மா இது வேற ராக்கெட்டு, கள்ள வியாபாரம், மாமூல், அடியாளு, ஓட்டு எல்லாத்தையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டுனா வருமே அதுதான், அமெரிக்காக்காரன் அதுக்கு அப்படி ஒரு பேர் வச்சிருக்கான், அந்தக் காலத்துல அங்க 13 வருஷம் சாராயமே கூடாதுன்னு சட்டம் போட்டாங்க, அதனால ரவுடிப்பசங்க எல்லாம் கோடீஸ்வரனா ஆயிட்டாங்க, அதப் பத்தின கதைன்னு ஒரே மூச்சுல கத்தி முடிச்சேன். அம்மா கொஞ்ச நேரம் யோசிச்சாங்க.

"அங்கயும் ராஜாஜி போனாரா?"

நான் சிரிச்சு சோஃபாவிலேர்ந்து விழாத கொறை. ஆனா யோசிச்சுப் பாத்தா அவங்க கேட்டது சரியான கேள்விதான், ஆளுதான் மாறிப்போச்சு. அமெரிக்காவுல மதுவிலக்கு 1920 ஜனவரி 17ஆம் தேதி அமலுக்கு வந்துச்சு, நாறிப்போயி 1933 டிசம்பர் 5ஆம் தேதி எடுத்துட்டாங்க. அதுக்கு நாலு வருஷம் கழிச்சு 1937 அக்டோபர் 1ல ராஜாஜி சேலத்துல ஆரம்பிக்கிறாரு. அதாவது ஒருத்தன் கைய சுட்டுக்கிட்டு அடுப்ப அணைச்சுட்டுப் போனப்பறம் நாம போயி பத்த வச்சிருக்கோம். எங்க தாத்தா, அம்மாவோட அப்பா, சேலத்துக்காரர்தான். மதுவிலக்கு வர்றதுக்கு முந்துன வருஷமே கப்பலேறி இங்க வந்துட்டாரு. மனுஷனுக்கு விஷயம் முன்னாலேயே தெரிஞ்சுதான் ஏறிட்டாருன்னு அம்மாச்சி சாகுற வரைக்கும் சொல்லிக் கிண்டல் பண்ணுவாங்க.

சரி படத்துக்கு வர்றேன்.

நான் ஒரு விஷயத்த மறந்துட்டேன். ஊமைப்படம்னா நடுநடுவுல எழுத்து அட்டை வருமே. அம்மாவுக்கு இங்கிலீஷ் பஸ் நம்பர், மருந்துச் சீட்டு அளவுக்குத்தான். அப்போ ஒவ்வொரு அட்டையையும் நான் படிச்சுத் தமிழ்ல சொல்லணும். காது கேக்காதவங்களுக்கு எப்படிச் சொல்றது? கத்தித்தான். அந்தக் காலத்துல நம்ம ஊரு கொட்டகையில திரைக்குப் பக்கத்துல ஒரு ஆள் நின்னு கதை சொல்லுவாராமே, அந்த உத்தியோகம் எனக்கு, சம்பளம் மட்டும் கெடையாது.

கதை இதுதான். மெக்குவிக்னு ஒரு நேர்மையான போலீஸ் கேப்டன், நிக் ஸ்கார்சின்னு ஒரு சாராய தாதா. படம் ஆரம்பிச்ச உடனே கேப்டன சுடுறாங்க, குண்டு படல. அப்பறம் பாத்தா ஸ்கார்சியே நேர்ல வந்து, இது சும்மா எச்சரிக்கைக்குத்தான், நமக்குள்ள எதுக்கு வம்புங்கிற மாதிரி பேசுறான். ரெண்டு பேரும் ஏதோ பழைய ஸ்கூல் ஃப்ரெண்டு மாதிரி நின்னு பேசுறாங்க. எனக்கு இந்தப் படத்துல ரொம்பப் புடிச்சது இதுதான், ஒருத்தர ஒருத்தர் வெறுக்கல, மதிக்கிறாங்க, ஆனா ரெண்டுல ஒருத்தர்தான் மிஞ்சணும்னு ரெண்டு பேருக்குமே தெரியுது.

ஸ்கார்சியா நடிச்சவர் லூயி வோல்ஹைம். அந்த மூஞ்சிய நீங்க பாக்கணும். மூக்கு நடுவுல நசுங்கி ஒரு பக்கமா ஒதுங்கிக் கெடக்கும், கன்னம் ரெண்டும் பாறை, நெத்தியில புருவம் இருக்குற எடத்துல ஒரு மேடு. மேக்கப் இல்லீங்க, சொந்த மூக்கு. காலேஜ்ல அமெரிக்க ஃபுட்பால் ஆடுனப்ப ஒடைஞ்சது. அதைவிட ஆச்சரியம், நடிக்க வர்றதுக்கு முன்னாடி அவர் கணக்குச் சொல்லிக் குடுத்துட்டு இருந்தவர். நான் படத்த நிறுத்திட்டு இத அம்மாகிட்ட சொன்னேன்.

"பாத்தாலே தெரியுதே, கணக்கு வாத்தியாருன்னு."

அஞ்சாறு அட்டைக்கு அப்பறம் தொண்டை போச்சு. சரி கொஞ்சம் விட்டு விட்டுச் சொல்லுவோம்னு ரெண்டு அட்டைய முழுங்கிட்டேன். அம்மா கவனிக்கவே இல்ல, அட்டை வர்ற நேரம் முறுக்க எடுத்துக் கடிக்கிறாங்க, ஆளுங்க மூஞ்சி வந்ததும் நிறுத்துறாங்க. ஸ்கார்சிய கேப்டன் விடாமத் துரத்துறான்னு மேலிடத்துல கோவம், அவன ஊருக்கு வெளிய ஒண்ணும் நடக்காத ஒரு ஸ்டேஷனுக்குத் தூக்கி அடிக்கிறாங்க. நான் வாயத் தொறக்குறதுக்கு முன்னாடியே அம்மா, "மாத்தாவ மாத்திட்டாங்களா?"ன்னாங்க. இங்க பழைய ஆளுங்க போலீஸ மாத்தான்னுதான் சொல்லுவாங்க, மலாய்லேர்ந்து வந்தது. அட்டை இல்ல, வசனம் இல்ல, ஒரு ஆளு தொப்பிய எடுத்துத் தலையில வச்சுக்கிற விதத்துலேயே டிரான்ஸ்ஃபர்னு எங்கம்மா கண்டுபுடிச்சிட்டாங்க. அதுக்கு மேல நான் முக்கியமான அட்டைய மட்டும்தான் சொன்னேன்.

யாரு மாத்துனதுன்னு கேட்டாங்க. அதான் படத்தோட விஷயம். 'பெரியவர்'னு ஒருத்தர் இருக்காரு, ஊரு மொத்தமும் அவர் கையில, கடைசி வரைக்கும் மூஞ்சியே காட்டல. எலக்‌ஷன் வருது, ஸ்கார்சிதான் ஓட்டு புடிச்சுக் குடுக்குறவன், அதனால அவன் மேல யாரும் கை வைக்க முடியாது. இது முதல்ல 1927ல நாடகமா வந்துச்சு, எழுதுன பார்ட்லெட் கார்மாக் சிகாகோவுல பத்திரிகை நிருபரா இருந்தவரு. ஊர் பேரச் சொல்லாட்டியும் எந்த ஊருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுது, அப்ப அங்க மேயர் பிக் பில் தாம்சன், தாதா யாருன்னு சொல்லவே வேணாம், அல் கபோன். சிகாகோக்காரங்களுக்கே நல்லாப் புரிஞ்சதாலதான் அங்க படத்தத் தடை பண்ணிட்டாங்க. எங்க ஊர்ல இப்படி எல்லாம் இல்லன்னு சொல்றதுக்கு ஒரு படத்தத் தடை பண்றதைவிடப் பெரிய ஒப்புதல் வாக்குமூலம் என்ன இருக்கு சொல்லுங்க.

அம்மாவுக்கு ஆனா ஒரு மனக்குறை. அரை மணி நேரம் ஓடுனப்பறம் கேட்டாங்க.

"சாராயப் படம்னு சொன்ன, காய்ச்சுறதக் காட்டவே மாட்றானே?"

உண்மைதான். துப்பாக்கி இருக்கு, கார் இருக்கு, நைட் கிளப் இருக்கு, சரக்கு எங்கேர்ந்து வருதுன்னு படத்துல யாருக்கும் கவலை இல்ல. நான் படிச்சதச் சொன்னேன், சிகாகோவுல ஜென்னா சகோதரர்கள்னு ஒரு குரூப்பு இத்தாலியக் குடும்பங்களுக்கு ஆளுக்கொரு அடுப்பும் பானையும் குடுத்து, வீட்டுலேயே காய்ச்ச வச்சு, நாளைக்கு 15 டாலர் குடுத்தாங்களாம். அப்ப அது பெரிய காசு. அடுக்குமாடி வீட்டுல மூணு வேளையும் அடுப்பு எரியும், தெருவே நாறுமாம்.

"நாறத்தான் செய்யும். அதுக்குத்தான் பன்னிக் கொட்டகை பக்கத்துல காய்ச்சணும்."

நான் திரும்பிப் பாத்தேன். அம்மா டிவியத்தான் பாத்துட்டு இருக்காங்க, கையில முறுக்கு.

எங்க தாத்தாவுக்கு நேவல் பேஸ்ல சாயம் அடிக்கிற வேலை, குடும்பம் இருந்தது செம்பவாங் பக்கம் ஒரு கம்பத்துல, அதாவது கிராமத்துல, இது எனக்குத் தெரியும். தாத்தா குடிப்பாருன்னும் தெரியும். கவர்மென்ட்டே நடத்துன கள்ளுக்கடையில நின்னு குடிச்சுட்டு வருவாருன்னு ஆயிரம் தடவ கேட்டிருக்கேன். ஒரு பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் கடையத் தொறந்து வச்சுட்டு, இன்னொரு பக்கம் தமிழன்னா குடிகாரன்னு பேரும் வச்சாங்க வெள்ளைக்காரங்க. மலாயாவுல கிள்ளான் பக்கம் 1941ல தோட்டத் தொழிலாளிங்க ஸ்ட்ரைக் பண்ணப்ப, கூலிய ஏத்துங்கிறதோட சேத்து கள்ளுக்கடைய மூடுன்னும் கேட்டாங்க. குடிக்கிறவங்களே மூடச் சொல்றாங்க, விக்கிறவங்க மாட்டேங்கிறாங்க. அமெரிக்கா கதைய அப்படியே தலைகீழாப் புடிச்ச மாதிரி இல்ல?

கள்ளுக்கடை சாத்துனப்பறம் என்ன பண்ணுவாருங்கிறது எனக்குத் தெரியாத பகுதி. சம்சு. இங்கயும் மலேசியாவுலயும் வளந்தவங்களுக்கு அந்த வார்த்தைய வெளக்க வேணாம், மத்தவங்களுக்கு, அது அரிசியில காய்ச்சுற சீனச் சாராயம். அம்மா அத சமையல் குறிப்பு மாதிரிச் சொன்னாங்க. அரிசிய வேகவச்சு ஆறவிட்டு, வெள்ளையா ஒரு ஈஸ்ட் உருண்டை, அதப் பொடிச்சுத் தூவி, ஜாடியில மூடி வைக்கணும். புளிச்ச சோத்து வாடை வரும். அப்பறம் தகர டிரம்முல ஊத்தி அடியில தீ, மேலேர்ந்து ஒரு குழாய், குழாய் பச்சத் தண்ணி வாளிக்குள்ள பூந்து அந்தப் பக்கம் வரும், சொட்டுச் சொட்டா. முதல்ல வர்றதக் கீழ ஊத்திருவாராம், அதக் குடிச்சா கண்ணு போயிரும்னு.

"யாரு ஊத்திருவாரு?"

"பன்னி வளத்த சீனத் தாத்தா. நல்ல மனுஷன். எனக்கு மிட்டாய் குடுப்பாரு."

படம் ஓடிட்டே இருக்கு. திரையில ஸ்கார்சியோட தம்பி ஜோ, பணக்காரத் திமிரு, ஹெலன்னு ஒரு பாட்டுக்காரப் பொண்ணக் கார்ல கூட்டிட்டுப் போயி வம்பு பண்றான், அவ எறங்கிடுறா, போலீஸப் பாத்துட்டு இவன் ஓட்டம் எடுத்து, தெருவுல போன ஒருத்தர் மேல கார ஏத்திடுறான். மாட்டுறது எங்க? கேப்டன் மெக்குவிக்கத் தூக்கி அடிச்ச அதே ஒண்ணும் நடக்காத ஸ்டேஷன்ல. இந்த எடம் எனக்கு ரொம்பப் புடிச்சுது, விதி வந்து வாசக்கதவத் தட்டுற மாதிரி. ஆனா நான் பாதிதான் பாத்தேன், எனக்கு மத்தக் கதைதான் வேணும்.

"மிட்டாய் எதுக்கும்மா குடுத்தாரு?"

அம்மாவுக்கு அப்ப ஒம்பது வயசு. அப்படின்னா 1957. ராத்திரி தாத்தா தேங்காண்ணெய் போத்தல் ஒண்ணு, கழுவுனது, காசையும் குடுத்து அனுப்புவாராம். பெரியவங்க போனா மாத்தா புடிப்பான், பொம்பளப் புள்ள எண்ணெய் வாங்கப் போகுதுன்னா யாரு கேப்பாங்க. போத்தல் வெளிய எண்ணெய்ப் பிசுக்க வேணும்னே தொடைக்காம விடுவாராம், தொட்டுப் பாத்தாலும் எண்ணெய்தான். ஒரு நாள் கம்பத்து முனையில நெஜமாவே ரெண்டு மாத்தா நிக்கிறாங்க, டார்ச் அடிச்சு என்னன்னு மலாய்ல கேட்டாங்களாம். எண்ணெய்னு சொல்லிட்டு, நம்பாம போயிருவாங்களோன்னு மூடியத் தொறந்து உள்ளங்கையில ரெண்டு சொட்டு ஊத்தித் தலையில தேச்சுக்கிட்டாங்களாம் எங்கம்மா.

"வாடை அடிக்கலையா?"

"அடிச்சிருக்கும். அவன் சிரிச்சுட்டு விட்டுட்டான். வீட்டுக்கு வந்தா எங்கம்மா தலைய மோந்து பாத்துட்டு வெளக்குமாத்த எடுத்தாங்க, எனக்கில்ல, எங்கப்பாவுக்கு."

இங்கிலீஷ்ல பூட்லெக்குன்னு ஏன் சொல்றாங்க தெரியுமா, பூட்ஸுக்குள்ள போத்தலச் சொருகிட்டுப் போனதால வந்த பேர். பூட்ஸ் இல்லாத எங்கம்மாவுக்கு என்ன பேர் வைக்கிறதுன்னு தெரியல. இவ்ளோ வருஷம் ஏம்மா சொல்லலன்னு கேட்டதுக்கு, நீ கேக்கலயேன்னாங்க.

முதல்ல வர்றதக் கீழ ஊத்துன அந்தச் சீனத் தாத்தாவ நெனச்சா எனக்கு மரியாதைதான் வருது. அமெரிக்காவுல கவர்மென்ட்டே என்ன பண்ணுச்சு? தொழிற்சாலைக்குப் போற ஆல்கஹால ரவுடிங்க திருடி சுத்தம் பண்ணி விக்கிறாங்கன்னு, அதுல மெத்தனால் மாதிரி விஷத்த அதிகமாக் கலக்கச் சொன்னாங்க. 1926 கிறிஸ்துமஸுக்கு நியூயார்க் ஆஸ்பத்திரிங்கள்ல ஆளுங்க வரிசையா வந்து விழுந்தாங்க. அந்த ஊரோட தலைமைப் பிணப் பரிசோதனை டாக்டர் சார்ல்ஸ் நாரிஸ், இதுக்கு அரசாங்கம்தான் பொறுப்புன்னு பகிரங்கமாவே கத்துனாரு. அதே மெத்தனால்தான் 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில 60 பேருக்கு மேல கொன்னுச்சு, அன்னிக்கு நியூஸப் பாத்துட்டு அம்மா ஏன் சாப்பிடாமப் படுத்தாங்கன்னு இப்பத்தான் எனக்குப் புரியுது.

படம் ரெண்டாவது பாதியில கொஞ்சம் இழுவை, உண்மையச் சொல்லணும்ல. மொத்தமும் அந்த ஸ்டேஷனுக்குள்ளேயே நடக்குது, நாடகத்துலேர்ந்து வந்ததுன்னு அப்பட்டமாத் தெரியுது, குடிகார நிருபருங்க வந்து ஜோக்கடிக்கிறாங்க, ஊமைப்படத்துல இவ்ளோ பேச்சான்னு என் தொண்டை கேக்குது. டைரக்டர் லூயிஸ் மைல்ஸ்டோன் தெருச்சண்டையில காட்டுன வேகம் இங்க இல்ல. ஆனா ஹெலனா நடிச்ச மேரி பிரேவோ வந்தா மட்டும் ரூமுல லைட்டப் போட்ட மாதிரி இருக்கு, கண்ண ஒரு சுத்து சுத்துனா பத்து அட்டை மிச்சம். அந்தப் பொண்ணு நெஜ வாழ்க்கையில 1937ல, 40 வயசுல, தனியா, குடியாலேயே செத்துப்போச்சு. இத அம்மாகிட்ட நான் சொல்லல.

இன்னொண்ணு, நல்லவன் மெக்குவிக்கும் முழுசா நல்லவன் இல்ல. ஸ்கார்சிய வெளிய விடச் சொல்லி கோர்ட்டு ஆர்டர் வருது, அதக் கிழிச்சுப் போட்டுர்றான். சட்டத்தக் காப்பாத்த சட்டத்தையே கிழிக்கிறான். எனக்கு அந்த எடத்துல என்னவோ பண்ணுச்சு, அம்மா கை தட்டுனாங்க.

முடிவத் தெரிஞ்சுக்க வேணாம்னா இந்தப் பத்தியத் தாண்டிருங்க. ஸ்கார்சி வாயத் தொறந்தா பெரியவரோட குட்டு வெளிய வந்துரும், எலக்‌ஷன் போயிரும். அதனால கடைசியில அவனக் கொல்றது போலீஸ் இல்ல, இத்தன நாள் அவனக் காப்பாத்துன அரசியல் ஆளுங்களே. அந்தக் கடைசி நேரத்துல வோல்ஹைமோட அந்தக் கல்லு மூஞ்சியில, கணக்கு தப்பாப் போச்சேங்கிற ஒரு கொழந்தைத்தனமான ஆச்சரியம் வருது பாருங்க. அதுக்காகவே பாக்கலாம்.

முதல் ஆஸ்கார் விழா 1929 மே மாசம் நடந்துச்சே, அதுல சிறந்த படத்துக்குப் போட்டியிட்ட மூணுல இதுவும் ஒண்ணு. ஜெயிக்கல. அப்பறம் படமே காணாமப் போச்சு, அழிஞ்சே போச்சுன்னுதான் நெனச்சாங்க. தயாரிச்சவர் ஹோவர்ட் ஹியூஸ், ஏரோப்ளேன் கோடீஸ்வரர், எதையும் தூக்கிப்போடாத மனுஷன். அவர் 1976ல செத்தப்பறம் அவரோட சேமிப்புல ஒரு பிரதி கெடைச்சு, லாஸ் வேகாஸ் யுனிவர்சிட்டி அத சரிபண்ணிக் காப்பாத்துச்சு. தென்னிந்தியாவோட முதல் ஊமைப்படம், நம்ம நடராஜ முதலியார் மெட்ராஸ்ல எடுத்த கீசக வதம், ஒரு அடிகூட இன்னிக்கு இல்ல. நமக்கு ஒரு ஹியூஸ் இல்லாம போயிட்டாரேன்னு எனக்கு எப்பவும் ஒரு வயித்தெரிச்சல் உண்டு.

படம் முடியிற நேரம் பாத்து மாமா, அதாவது அம்மாவோட தம்பி, மூச்சு வாங்க வந்து நிக்கிறாரு. அவர் ரெண்டு புளோக் தள்ளித்தான் இருக்காரு. கையில குடையும் காலிப் பையும். மணி 10.34. 2015லேர்ந்து இங்க ராத்திரி 10.30க்கு மேல கடையில சரக்கு விக்கக் கூடாதுன்னு அப்ப சட்டம் இருந்துச்சே, கடைக்காரப் பையன் கரெக்டா 10.30க்கு பீர் ஃப்ரிட்ஜப் பூட்டிட்டானாம், ஒரு நிமிஷம்தான் லேட்டு, கெஞ்சியும் தொறக்கலையாம். வீட்டுல எதாவது இருக்கான்னு கேக்குறாரு. நான் முறுக்குதான் இருக்குன்னேன்.

அம்மா அவர ஏற எறங்கப் பாத்தாங்க. "அப்படியே அப்பாடா நீ"ன்னுட்டு எந்திரிச்சுப் போயி தேங்காண்ணெய் போத்தல எடுத்துட்டு வந்து அவர் முன்னாடி டங்குன்னு வச்சாங்க. மாமாவுக்கு ஒண்ணும் புரியல. அவரு கடைக்குட்டி, அந்தக் காலத்துல தொட்டில்ல இருந்தவரு. அம்மா முதல்லேர்ந்து மறுபடி முழுக்கதையையும் சொல்ல, அவர் நெஜமாவான்னு கத்த, நான் சிரிக்க, மணி பன்னெண்டு ஆயிருச்சு.

மறுநாள் காலையில லிஃப்ட்ல மேல்மாடிக்காரரப் பாத்தேன். பாவம், தூங்காத கண்ணு. நேத்து ராத்திரி வீட்டுல எதுவும் பிரச்சனையான்னு ரொம்ப நாசூக்காக் கேட்டாரு. இல்ல சார், படம் பாத்தோம்னேன். என்ன படம் இவ்ளோ சத்தமான்னாரு.

ஊமைப்படம்னு சொன்னேன். அஞ்சாவது மாடியிலேயே எறங்கிட்டாரு மனுஷன், கார் பார்க்கு கீழத்தான இருக்கு.